தோண்டாமல் மண்ணுக்குள் பார்ப்பது: பழனி மலையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணுக்குள் மறைந்த பழங்காலக் கல்லறைகளையும் குடியிருப்புகளையும் தோண்டாமல் தேடுவது எங்கள் வேலை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை பக்கங்களில் கருவியும் கயிறுமாகத் திரியும்போது தோட்டக்காரர்கள், காபி பறிக்க வந்தவர்கள், தொல்லியல் மாணவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டபோது பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. கையில் கருவி ஓடிக்கொண்டிருக்கும். மீதியை இங்கே எழுதி வைக்கிறோம்.

போர் போட நீரோட்டம் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்?

எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் முதல் கேள்வி. நான்கு கம்பியை மண்ணில் குத்தி, ஒயர் இழுத்து, பெட்டியில் நம்பர் பார்த்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு பெரியவர் நாள் முழுக்க எங்கள் கூடவே நடந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னோம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் மூட்டை கட்டும்போது பக்கத்தில் வந்து, "அது கெடக்கட்டும் தம்பி, தண்ணி எத்தன அடியில?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை, கருவி ஏறக்குறைய ஒன்றுதான். மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அது எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று அளப்பது. நீரோட்டம் பார்க்கிறவர் கம்பிகளை அகட்டிக்கொண்டே போவார். அகட்ட அகட்ட மின்னோட்டம் ஆழத்துக்கு இறங்கும். நாங்கள் அரை மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியோடு நிறுத்திக்கொள்வோம். எங்களுக்கு வேண்டியது மேலே உள்ள ஒன்றரை, இரண்டு மீட்டர் மண் மட்டும். அதற்குக் கீழே ஆறே ஓடினாலும் எங்கள் பெட்டிக்குத் தெரியாது. 1946-இல் இங்கிலாந்தில் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் என்ற ஊரில் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் இந்த வழியைத் தொல்லியலுக்குத் திருப்பினார். அதுவரை இது பொறியாளர்களின் வேலையாகத்தான் இருந்தது.

எக்ஸ்ரே மாதிரி உள்ளே இருப்பது அப்படியே படமாகத் தெரியுமா?

தெரியாது. பானை பானையாகத் தெரியாது, கல் கல்லாகத் தெரியாது. தெரிவதெல்லாம் வித்தியாசம் மட்டுமே. சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஏதோ ஒரு வகையில் வேறுபட்ட ஒன்று இந்த இடத்தில், ஏறக்குறைய இந்த அளவில் இருக்கிறது என்பதுதான் கருவி தரும் சேதி. ஈரத்தில் வேறுபடலாம், காந்தத்தில் வேறுபடலாம், ரேடார் அலை போகும் வேகத்தில் வேறுபடலாம். எதிலும் வேறுபடாத ஒன்று கீழே இருந்தால், அது ராஜராஜன் அரண்மனையாக இருந்தாலும் வரைபடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

இதை ஒப்புக்கொள்ளாமல் யாராவது வண்ணப் படத்தைக் காட்டி "இதோ பாருங்கள், கல்லறை" என்று விரல் வைத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்தச் சிவப்பும் நீலமும் கணினியில் நாங்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள். அளவுகோலை மாற்றினால் ஒரே தரவில் கல்லறையை வரவழைக்கவும் முடியும், மறைக்கவும் முடியும்.

கற்திட்டைகள் வெளியிலேயே நிற்கின்றனவே, அதற்கு எதற்குக் கருவி?

நல்ல கேள்வி. வெளியே நிற்பதற்குக் கருவி தேவையே இல்லை. டேப்பும் நோட்டும் கேமராவும் போதும். கற்திட்டை என்பது பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பழங்கால ஈமச்சின்னம். ஊரில் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று சொல்லும் இவற்றை ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் மலை மலையாக நடந்து பதிவு செய்தார்கள். அவர்கள் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அவர்களிடம் கால்தான் கருவி. இன்றைக்கும் முதல் வேலை அதுதான்.

பல கற்திட்டைகள் மொட்டைப் பாறையின் மேல் நேரடியாக நிற்கின்றன. கீழே மண்ணே இல்லாதபோது மண்ணுக்குள் எதைத் தேடுவது? அங்கே கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வீண் சுமை. எங்களுக்கு வேலை இருப்பது வேறு இடங்களில். மண்ணுக்குள் பலகைக் கல் நட்டு மூடிய கற்பதுக்கை, மேலே கல் கலைந்து வட்டம் அழிந்துபோன ஈமக்குழி, தாழி (இறந்தவர்களை வைத்த பெரிய பானை) புதைத்த மேடு, அப்புறம் அந்த மக்கள் குடியிருந்த இடம். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம். இந்த மலையில் செத்தவர்களின் வீடுகளைப் பற்றி நூறு வருஷமாகப் பேசியிருக்கிறோம். அவர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே சமைத்தார்கள், எங்கே இரும்பு உருக்கினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் காபிச் செடிக்கடியில் கிடக்கிறது.

தாண்டிக்குடியில் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஈமச்சின்னங்களை அகழாய்ந்தார்கள். மலை அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் 2009, 2010-இல் அதே ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது. ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடியில் நெல் கிடைத்தது. அதைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. பானைத் தாங்கி ஒன்றில் "வய்ர" என்று தமிழி எழுத்தும் (பழந்தமிழ் எழுத்து) இருந்தது. அடிவாரத்தில் இப்படி இருந்தால் மேலே என்ன இருக்கும் என்ற ஆசை யாருக்கும் வரும். அந்த ஆசைக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுக்காமல் இருக்கத்தான் இந்தக் கருவிகள்.

எந்தக் கருவி எதைக் காட்டும்?

மூன்று கருவிகளைத்தான் நாங்கள் நம்பி எடுத்துப் போகிறோம்.

முதலாவது காந்தமானி, எல்லோர் வாயிலும் மேக்னடோமீட்டர். பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதற்குள் ஐந்து, பத்து என்று வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை இது பிடிக்கும். சுட்ட மண் இதற்கு மிகவும் பிடித்த பொருள். களிமண்ணில் இரும்புத் தாதுக்கள் கொஞ்சம் உண்டு. மேக்னடைட் 580 டிகிரிக்கு மேல் சூடானால் தன் காந்தத்தை மறந்துவிடும். ஆறும்போது அன்றைக்கு பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சூளையும் உலையும் மண்ணுக்குள் ஒரு மங்கலான காந்தமாக ஆயிரக்கணக்கான வருஷம் கிடக்கும். 1958-இல் மார்ட்டின் எய்ட்கென் இங்கிலாந்தில் ஒரு ரோமானியப் பானைச் சூளையை இப்படித்தான் கண்டுபிடித்தார். அடுப்படி, குப்பைக்குழி, இரும்புக் கசடு எல்லாம் இதில் தெரியும். கசடு கொஞ்சம் அதிகமாகவே கத்தும்.

இரண்டாவது, மேலே சொன்ன மின்தடை. கல் மின்சாரத்தை விடாது, ஈர மண் விடும். ஆகவே கல் அடுக்கிய சுவர், பதுக்கையின் பலகைகள், கற்குவியல் எல்லாம் அதிகத் தடையாகத் தெரியும். ஒரு காலத்தில் வெட்டி மறுபடி மண் நிரம்பிய குழி ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தால் குறைந்த தடையாகத் தெரியும்.

மூன்றாவது தரை ஊடுருவும் ரேடார், ஜிபிஆர். புல் வெட்டும் வண்டி போலத் தள்ளிக்கொண்டு போகலாம். அலை கீழே போய் ஏதாவது ஒன்றில் மோதித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்து ஆழத்தைக் கணக்குப் போடுவோம். மூன்றில் ஆழத்தை ஓரளவு நேராகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் செடி, கல், வேர், பள்ளம் எதுவும் இல்லாத தரை வேண்டும் என்று அடம்பிடிக்கும். பழனி மலையில் அப்படி ஒரு தரை கிடைத்தால் அது பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானமாக இருக்கும்.

ரேடார் எத்தனை அடி போகும்?

கருவியை விற்கிறவர் சொல்லும் ஆழத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா நம் மலையில் ஒரு மீட்டர், நன்றாக இருந்தால் ஒன்றரை. அதிர்வெண் குறைந்தால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும்.

கணக்கு எளிது. காற்றில் ரேடார் அலை ஒரு நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். ஈர மண்ணில் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். எட்டு என்று வைத்துக்கொண்டால், 40 நானோ விநாடியில் திரும்பி வந்த அலை போகவர 320 சென்டிமீட்டர் பயணம் செய்திருக்கிறது. பொருள் 160 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மழை பெய்து வேகம் ஆறாகக் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் எட்டு என்றே போட்டால், 120-இல் இருப்பதை 160 என்று எழுதிவிடுவீர்கள். அதனால் ஒவ்வொரு இடத்திலும் வேகத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

களிமண் அலையை விழுங்கும். ஆனால் எல்லாக் களியும் ஒன்றல்ல. கரிசல் மண்ணில் ரேடார் அரை மீட்டருக்குள் செத்துவிடும். நம் மலைச் செம்மண் அவ்வளவு மோசமில்லை. இது ஒன்றுதான் மலை நமக்குக் காட்டும் சலுகை.

புத்தகத்தில் உள்ள காந்த வரைபடம் போல எங்கள் படம் இல்லையே, எங்கே தப்பு? (ஒரு முதுகலை மாணவி)

தப்பு உங்களிடம் இல்லை. புத்தகம் எழுதியவர் இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருந்திருப்பார். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் தவறான இடத்தில் முளை அடித்தவர்களில் நாங்களும் உண்டு.

ஐரோப்பாவில் பூமியின் காந்தக் கோடுகள் செங்குத்தாகச் சாய்ந்து தரைக்குள் இறங்குகின்றன. அதனால் புதைந்த பொருளுக்கு நேர் மேலே காந்தம் கூடும், அதற்கு வடக்கே ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குறைவு வரும். படத்தில் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். பொட்டுக்கு நேர் கீழே தோண்டினால் பொருள்.

நாம் இருப்பது காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கோடு தென்தமிழகத்தை ஒட்டிப் போகிறது. கொடைக்கானலில் காந்தக் கோடுகள் ஏறக்குறைய படுத்துக்கிடக்கின்றன, சாய்வு மிகச் சில பாகைகள்தான். ஆகவே இங்கே எல்லாம் தலைகீழ். மொத்தப் புலத்தை அளக்கும் கருவியில் பொருளுக்கு நேர் மேலே காந்தம் குறையும், வடக்கிலும் தெற்கிலும் கூடும். செங்குத்துக் கூறை மட்டும் அளக்கும் ஃபிளக்ஸ்கேட் கருவியில் இன்னும் வேடிக்கை: ஒரு பக்கம் கூட்டல், மறு பக்கம் கழித்தல், நடுவில் பூஜ்யம். பொருள் அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். புத்தகத்தை நம்பிக் கூட்டல் குறி மேல் முளை அடித்தால் தாழி பக்கத்துக் குழியில் சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் சுவர் இங்கே தன் நீளவாக்கிலேயே காந்தம் ஏறிக் கிடக்கும். இரண்டு முனைகள் மட்டும் தெரியும், நடுப்பகுதி காணாமல் போகும். கிழக்கு மேற்குச் சுவர் முழுதாகத் தெரியும். அதனால் நான்கு சுவர் உள்ள ஓர் அறை படத்தில் இரண்டு இணைகோடுகளாக வரலாம். "அறை அல்ல, பாதை" என்று எழுதிவிடாதீர்கள். அதே இடத்தை மின்தடையிலும் பாருங்கள். அதற்குத் திசை பற்றிக் கவலை இல்லை.

பதினோரு மணிக்கு மேல் காந்த வேலையை நிறுத்திவிடுகிறீர்களே, வெயிலுக்காகவா?

கொடைக்கானல் மலையில் வெயிலுக்கு யார் பயந்தார்கள். காரணம் வானத்தில் இருக்கிறது. காந்த நிலநடுக்கோட்டின் மேல், நூறு கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே, பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நடுப்பகலை ஒட்டி அது உச்சத்துக்கு வரும். அப்போது தரையில் காந்தப்புலம் சில பத்து நானோடெஸ்லாவிலிருந்து நூறுக்கு மேல் வரை ஏறி இறங்கும். நாங்கள் தேடும் தாழி ஐந்தோ பத்தோ. கல்யாண வீட்டு மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்பது போல. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்து வரும் கொடைக்கானல் வானாய்வகத்தில் காந்த அளவீடும் நடந்ததற்கு இந்த இட அமைப்பும் ஒரு காரணம்.

தப்பிக்க வழி இருக்கிறது. ஒரு கருவியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி நேரத்தோடு சேர்ந்த மாற்றத்தைப் பதிவு செய்து கழித்துவிடலாம். அல்லது ஒரே கழியில் மேலும் கீழும் இரண்டு உணரிகளைக் கட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வானத்திலிருந்து வருவது இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் கழிந்துவிடும். எங்களிடம் உள்ள பழைய கருவியில் உணரி ஒன்றுதான். ஆகவே காலை ஆறரைக்கே பனிக்குள் இறங்கிவிடுவோம், மதியம் மின்தடை.

மலைப் பாறையிலேயே இரும்பு இருக்கிறதாமே?

ஆமாம், தலைவலிதான். பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. அதில் மேக்னடைட் உண்டு. அதன் மேல் உள்ள செம்மண்ணும் இரும்பு ஆக்சைடால்தான் சிவப்பு. பாறை ஒரே சீராக இருந்தால் பரவாயில்லை. மண்ணுக்குள் உருண்டைப் பாறைகளாகச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு பொட்டு. அதே பாறையில் பலகை உடைத்துத்தான் பதுக்கையும் கட்டியிருக்கிறார்கள். பிறகு எது பதுக்கை, எது சும்மா கிடக்கும் பாறை என்று எப்படிப் பிரிப்பது? வடிவத்தை வைத்துத்தான். இயற்கை சதுரமாக அடுக்காது, வட்டமாக வைக்காது. தனிப் பொட்டை நாங்கள் நம்புவதில்லை. நான்கைந்து சேர்ந்து ஒழுங்காக நின்றால் நின்று பார்ப்போம்.

கீழடியில் செய்தார்களே, அதே மாதிரி இங்கேயும் செய்யக் கூடாதா?

கீழடியில் 2019-இல் ஐந்தாம் கட்ட அகழாய்வையொட்டி காந்தமானி, ரேடார், ட்ரோன் மூன்றும் பயன்பட்டன. மாநிலத் தொல்லியல் துறையோடு இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் கைகோத்தன. அங்கே வைகை கொண்டு வந்து போட்ட சமதள மண், தென்னந்தோப்பு, உள்ளே செங்கல் கட்டடம். சீரான மண்ணில் சுட்ட செங்கல் கிடந்தால் அதைவிட நல்ல வித்தியாசம் வேண்டாம். நமக்குச் சரிவு, பாறை, வேர், கல்லுக்குள் கல். முறை அதேதான், ஆனால் பலனை அதே அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சரிவு என்றதும் ஒரு சின்ன விஷயம். முப்பது டிகிரிச் சரிவில் டேப்பைத் தரையோடு வைத்து 20 மீட்டர் அளந்தால், வரைபடத்தில் அது 17.3 மீட்டர்தான். இதைத் திருத்தாமல் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டே போனால் ஏழெட்டுக் கட்டத்தில் வரைபடம் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விடும். சில்வர் ஓக் மர நிழலில் ஜிபிஎஸ்ஸையும் நம்ப முடியாது. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைத் தவிர வழியில்லை.

காபிச் செடியை வெட்டச் சொல்வீர்களா?

மாட்டோம். செடி வரிசைக்கு நடுவில் ஐந்தடி கிடைத்தால் காந்தமானியோடு நடந்துவிடலாம். சீரான கோடு கிடைக்காது, அங்கங்கே ஓட்டை விழும், இருக்கட்டும். வழக்கமாக 20 மீட்டர் சதுரக் கட்டத்தில் அரை மீட்டருக்கு ஒரு கோடு நடப்போம். கட்டத்துக்கு நாற்பது கோடு, 800 மீட்டர் நடை. ஒரு ஏக்கர் என்றால் பத்துக் கட்டம், எட்டு கிலோமீட்டர். அதுவும் குனிந்து நிமிர்ந்து, அட்டை கடிக்க.

செடியைவிட எங்களுக்கு இடைஞ்சல் நிழல் மரங்களின் வேர். ரேடாரில் வேர் ஒவ்வொன்றும் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு போடும். அதே வளைவைக் கல்லும் போடும், பைப்பும் போடும்.

கூட வரலாமா? என்ன போட்டுக்கொண்டு வரக் கூடாது?

தாராளமாக வரலாம். காந்தமானி ஓடும்போது பத்தடி தள்ளி நில்லுங்கள். வெள்ளி அரைஞாண், தாலி, தங்கத் தோடு ஒன்றும் செய்யாது. இரும்புதான் எதிரி: சேஃப்டி பின், ஹேர்பின், பெல்ட் கொக்கி, சாவிக்கொத்து, அரிவாள், குடைக்கம்பி, செல்போன். தோட்டத்து அக்கா ஒருவர் நாள் முழுக்க எங்கள் கயிற்றைப் பிடித்து உதவினார். அவர் நின்ற பக்கமெல்லாம் அளவு துள்ளியது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாக்குவெட்டியைக் கடைசியில்தான் எடுத்துக் காட்டினார்.

கட்ட மூலைகளில் நாங்கள் ஆணி அடிப்பதில்லை, மூங்கில் குச்சிதான். அதைப் பிடுங்கி ஆட்டுக்குட்டி கட்டாமல் இருந்தால் போதும்.

தங்கம் இருக்கா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

இந்தக் கருவிகள் எதுவும் தங்கத்தைக் காட்டாது. தங்கத்துக்குக் காந்தம் இல்லை. ஒரு குன்றிமணி அளவு தங்கம் மின்தடையிலும் ரேடாரிலும் ஒன்றுமே இல்லை. ஈமக்குழிகளில் பெரும்பாலும் கிடைப்பது பானை, இரும்பு, மணி. அவை ஒரு மாலைக்கு விலை போகாது. ஆனால் எந்தப் பானைக்குப் பக்கத்தில் எந்த மணி கிடந்தது என்ற செய்திக்குத்தான் மதிப்பு. பிடுங்கி எடுத்த கணத்தில் அது போய்விடும்.

வாடகைக்கு மெட்டல் டிடெக்டர் எடுத்து வந்து தேடுகிறவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அது ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் பீர் மூடியைக் கண்டுபிடிக்கும். அதற்காக அவர்கள் வெட்டும் குழி கல்வட்டத்தின் நடுவில் இருக்கும். அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். தற்செயலாக ஏதாவது கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் போதும். மறைத்தால் சிறை வரை போகும்.

ஏதாவது தெரிந்தால் என் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா?

இந்தப் பயத்தில் பலர் கேட்டைத் திறப்பதே இல்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரைபடத்தில் ஒரு பொட்டு வந்ததற்காக யாரும் நிலத்தை எடுப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டுமென்றால் முறையாக அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு. மத்தியச் சட்டத்தின் கீழ் அறிவித்த சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் கட்ட 2010 திருத்தம் தடை போடுகிறது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடு. வீடு கட்டும் யோசனையில் இருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். காபி வளர்ப்பதில் சிக்கல் வராது. வனத்துறை நிலமாக இருந்தால் நாங்களே அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

ஏமாந்தது உண்டா?

உண்டு, நிறைய. ஒரு கட்டத்தில் காந்தப் படத்தில் அழகான வளைவு வந்தது. கல்வட்டம் என்றே முடிவு கட்டிவிட்டோம். இலைச் சருகைத் தள்ளிப் பார்த்தால் யாரோ சுருட்டிப் போட்ட முள்கம்பி. அது பரவாயில்லை, அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

இன்னொன்று பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ரேடாரில் அரை மீட்டர் ஆழத்தில் ஒரு வெற்றிடம். அலை இரும்பிலோ நீரிலோ மோதினால் ஒரு மாதிரியும் காற்றில் மோதினால் குறி தலைகீழாகவும் திரும்பும். இது சுத்தமாகத் தலைகீழ். மண் நிரம்பாத, யாரும் தொடாத பதுக்கை என்று நினைத்துக் கை நடுங்கியது. பக்கத்துக் கோடுகளையும் எடுத்தோம்; வெற்றிடம் நீண்டுகொண்டே போனது, பிறகு வளைந்தது. பதுக்கை வளையாது. மேட்டின் மறுபக்கம் போய்ப் பார்த்தபோது வாசலில் இரண்டு முள் கிடந்தன. முள்ளம்பன்றி வளை. கூட வந்த பளியர் பழங்குடி இளைஞர் முதல் நாளே அந்தப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. எந்தக் கருவி, எந்த மாதம், எத்தனை இடைவெளியில் என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்தால் அரை மீட்டர் தாழி இரண்டு கோட்டுக்கு நடுவில் தப்பிவிடும்.

காலம் எவ்வளவு என்று சொல்லுமா?

சொல்லாது. கி.மு. உலையும் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காளவாயும் ஒரே பொட்டுதான்.

தோண்டப் போவதில்லை என்றால் வரைபடம் எதற்கு?

ரோடு அகலப்படுத்தும்போது ஜேசிபி எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்ல. புதிதாகப் படிக்கட்டு நிலம் வெட்டுகிறவர் எந்த மூலையை விட்டுவிட்டு வெட்டலாம் என்று சொல்ல. மேல்மலையில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் படி வெட்டியபோது எத்தனை பதுக்கைப் பலகைகள் வரப்புக் கல்லாகப் போயின என்று யாரும் எண்ணவில்லை. தோண்டுவது ஒரு முறைதான் நடக்கும், அதோடு அந்த இடம் முடிந்தது. அளந்ததை மறுபடி அளக்கலாம். இருபது வருஷம் கழித்து நல்ல கருவியோடு ஒருத்தி வருவாள், அவளுக்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

நீலகிரியில் நடந்தது தெரியும். அந்த மாவட்டத்தின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் முகடு முகடாகக் கல்வட்டங்களைத் திறந்தார். அவர் இறந்தபின் 1873-இல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. வெண்கலக் கிண்ணங்களும் சுடுமண் உருவங்களும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் சென்னைக்கும் போயின. அவருக்கு முன்னும் பின்னும் திறந்து பார்த்தவர்களில் பலர் குறிப்புகூட வைக்கவில்லை. இன்று அங்கே கருவி கொண்டுபோனால் முதலில் தெரியப்போவது ஆங்கிலேயர் வெட்டிய குழியின் ஓரம். பிரீக்ஸைத் திட்டவில்லை, அவராவது எழுதி வைத்தார்.

என் தோட்டத்தில் சந்தேகமான மேடு இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் மேலே கிடக்கும் ஓடுகளைப் பொறுக்காமல் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து. வீட்டுப் பெரியவர்களிடம் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். தாத்தா எங்கே குழி வெட்டும்போது பானை உடைந்தது, எங்கே பழைய தகரக் கொட்டகை இருந்தது, எங்கே பைப் போகிறது எல்லாம் எழுதி வையுங்கள். கடைசி இரண்டும் எங்களுக்குத் தங்கம். பிறகு மாவட்டத்தில் உள்ள தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். கருவி அதற்கப்புறம்.

அடுத்த முறை எப்போது வருவீர்கள்?

வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசிதான் மின்தடைக்கு நல்ல பதம். மண்ணில் ஈரம் இருக்கும், சொதசொதப்பு இருக்காது. ஆனால் அப்போது நீங்கள் காபி பறித்துக்கொண்டிருப்பீர்கள், வரிசைக்குள் சாக்கும் ஆட்களும் இருப்பார்கள். பங்குனியில் மண் காய்ந்திருக்கும், ரேடாருக்கு அதுதான் சரி. ஆனால் காபியைப் பூக்க வைக்கும் பூ மழை எந்த நாள் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஒரு போன் போடுங்கள். மழைக்கு முன்னால் எங்களுக்குப் பத்து நாள் கிடைத்தால் போதும்.